முதுகோடு முதுகாக இரண்டு பீடங்கள்

என் கல்யாணத்துக்கு இரண்டாம் ஓலை வாசித்த வாரத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலின் கூரை இடிந்து விழுந்தது. ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். மூன்று வாரம் வாசிக்க வேண்டும். மூன்றாவதுக்குள் கோயிலே தடை சொல்லிவிட்டது என்று பிற்பாடு என் கணவர் கேலி செய்வார். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வாரநாள் மதியம் என்பதால் உள்ளே ஆள் இல்லை. நான் திண்டுக்கல்லில் ஓர் இன்ஜினியர் அலுவலகத்தில் வீட்டுப் பிளான் வரையும் வேலையில் இருந்தேன். வடமதுரையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் அப்பா போன் செய்தார்.

"தாயி, பதறாத. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா கோயிலுக்குள்ள நின்னா வானம் தெரியுது."

எங்கள் கோயில் பெரிய கோயில் இல்லை. சாலையைப் பார்த்த வாசல், அதன்மேல் ஒல்லியான மணிக்கூண்டு, நீளமான கூடம், கோடியில் மாதா நிற்கும் பீடம். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை மெழுகிய கூரை. ஒழுகுகிறது என்று எப்போதோ அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சிமெண்ட் வெடித்து, வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கட்டைகளை உளுக்க வைத்துவிட்டது. அந்த வருட ஐப்பசி மழையைத் தாங்கிக்கொண்டு, தை வெயிலில் விழுந்தது.

மாப்பிள்ளை வீடு திண்டுக்கல் டவுன். என் வருங்கால மாமியாருக்கு விஷயம் தெரிந்ததும் அப்பாவை அழைத்தார்.

"சம்பந்தி, பேசாம எங்க கோயில்ல வச்சுக்கிருவோம். ஃபேன் இருக்கு, மைக் இருக்கு, கார் நிறுத்த இடம் இருக்கு. உங்க ஊர்ல அம்புட்டு பேரும் எங்க நிப்பாக?"

அவர் கேட்டது நியாயம்தான். அப்பாவும் சரியென்றே சொல்லியிருப்பார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. எனக்கு ஞானஸ்நானம், முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல் நன்மை எல்லாம் அந்தக் கூடத்தில்தான். அம்மாவை அங்கிருந்துதான் எடுத்துப் போனோம். தாலியையும் அங்கேதான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. காரணம் கேட்டால் இதைத் தவிர வேறு சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச்சாமியைப் பார்க்கப் போனேன். இளவயது, ஊருக்குப் புதிது. கூடத்தைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். பூசைச் சாமான்களை எடுக்க, பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு அவரோடு போனேன். சின்னப் பிள்ளையிலிருந்து அதை நாங்கள் சாமான் ரூம் என்றுதான் சொல்வோம். சப்பரத்தின் கால்கள், உடைந்த பெஞ்சுகள், கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கும் ஒரு கால் இல்லாத ஒட்டகம் எல்லாம் அங்கே கிடக்கும்.

பிளான் வரைகிறவளின் கண் அன்றைக்குத்தான் அந்த அறையில் விழுந்தது போலும். கூடத்துச் சுவரைவிட இந்தச் சுவர் இரண்டு மடங்கு தடிமன். கூரையில் கட்டையே இல்லை, முழுவதும் செங்கல்லில் வளைத்துக் கட்டியது. ஒரு விரிசல்கூடக் காணோம். பீரோவை நகர்த்தினால் சுவருக்குள் ஆளுயர மாடம், அதற்குக் கீழே கல்மேடை. முட்டை ஓடு போல வழவழவென்ற சுண்ணாம்புப் பூச்சு.

"ஃபாதர், இது ரூம் இல்ல. இதுதான் கோயில்" என்றேன்.

அவர் மேடையைத் தடவிப் பார்த்துவிட்டு, மறுபக்கம் போய்க் கூடத்துப் பீடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் ஒரு பீடம், அந்தப் பக்கம் ஒரு பீடம், முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருப்பது போல. கிழக்குச் சுவருக்கு வெளியே போய்ப் பார்த்தபோது பூச்சில் ஒரு பெரிய வளைவின் கோடு தெரிந்தது. அடைத்துவிட்ட வாசல். அது கண்மாயைப் பார்த்திருந்தது.

பிறகு அப்பா சொன்னதும் ஊரில் மற்றவர்கள் சொன்னதும் சேர்ந்து கதை ஒருவாறு புரிந்தது. பஞ்ச காலத்தில் கூலிக்குத் தானியம் வாங்கிக்கொண்டு கண்மாய் வெட்டியவர்கள் கட்டிய கோயில் என்று கேள்வி. வருடம் எவருக்கும் தெரியாது. அப்போது சாலை இல்லை, ஜனம் கண்மாய்க்கரை வழியாகத்தான் வந்தது. சாலை மேற்கே வந்த பிறகு, ஊர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. கோயிலும் திரும்பிக்கொண்டது. பழைய கோயிலின் முதுகில் புதுக் கூடத்தை ஒட்டிக் கட்டி, பழைய வாசலை அடைத்துவிட்டார்கள்.

"இந்த வாசலைத் திறந்துட்டா, கரையில பந்தல் போட்டு எல்லாரும் உக்காரலாம். பீடம் நேரா தெரியும்" என்றேன். மேலே ஆயரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார் சாமி. இரண்டு நாளில், பொறுப்பான ஆளை வைத்துச் செய்தால் சரியென்று பதில் வந்தது.

பொறுப்பான ஆள் என்றால் என் சித்தப்பாதான். கட்டடக் கான்ட்ராக்டர். அவர்தான் ஊர்க் கூட்டத்தில் எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தவர். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் வந்தார். அடைப்புச் செங்கல் எளிதாக உதிர்ந்தது. ஓரத்தை நேராக்க ஆள் ஒருவர் பழைய சுவரில் சம்மட்டியை இறக்கினார். சம்மட்டி எகிறித் திரும்பியது.

"நிறுத்துப்பா, நிறுத்து. சுவரா இது, பாறையா?" என்றார் சித்தப்பா.

அடைப்பு முழுவதும் போனபின் வளைவு மட்டும் நின்றது. கம்பி இல்லை, பீம் இல்லை. சித்தப்பா முட்டுக் கொடுத்து வைத்திருந்த சவுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லிவிட்டு அதன் கீழேயே போய் நின்றார். அப்பா கத்தினார், "ஏலே, வெளிய வாடா!" அவர் வரவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "இருக்கட்டும்ணே. நல்லாக் கட்டியிருக்கான்" என்றார்.

கல்யாணம் காலையில். மாமியார் காரிலிருந்து இறங்கி, கயிறு கட்டிய முன்வாசலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவரைச் சுற்றி அழைத்துப் போய், மாடத்துக்கு அருகில் நாற்காலி போட்டோம். உள்ளே இரு வீட்டு ஆட்களுக்கு மட்டுமே இடம். மற்றவர்கள் பந்தலில். எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கு எந்தப் பக்கம் பார்த்து உட்காருவதென்றே தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டவர்கள் அன்றைக்கு மேற்கே பார்த்து உட்கார்ந்தார்கள்.

பூசை தொடங்கும்போது கண்மாய்க்கு மேலே வெயில் ஏறி, வாசல் வழியாக நேரே பீடத்தில் விழுந்தது. ஊரின் மல்லிகைத் தோட்டக்காரர்கள் கொடுத்த சரங்கள் மாடத்தில் தொங்கின. சாமி மைக் இல்லாமல்தான் பேசினார். வளைந்த கூரை அந்தக் குரலை வாங்கி வெளியே பந்தல் வரைக்கும் அனுப்பியது. சாமி தாலியை மந்திரித்து ஆசீர்வதிக்கும்போது மாமியார் அழுதார். பூசை முடிந்ததும் அப்பாவிடம் போய், "சம்பந்தி, எங்க கோயில்ல வச்சிருந்தா நான் மூணாவது வரிசையில இருந்துருப்பேன். இம்புட்டுக் கிட்டத்துல பாத்துருக்க முடியாது" என்றார்.

எல்லாம் அப்படியே காப்பாற்றப்பட்டது என்று சொல்ல ஆசைதான். கூடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டினார்கள். எனக்கு அது கொஞ்ச நாள் வலித்தது. புதுக் கூடத்தின் பிளானை நான்தான் வரைந்தேன். வேலை எடுத்த சித்தப்பா ஒரு நிபந்தனை போட்டார். பழைய கோயிலைத் தொடக்கூடாது, புதுச்சுவர் அதிலிருந்து விலகித்தான் எழும்ப வேண்டும் என்று. கூட்டத்தில் அதற்காகச் சண்டையே போட்டார்.

இப்போது வாரநாள் பூசை பழைய கோயிலில்தான். வயலுக்குப் போகிறவர்கள் கண்மாய்க்கரை வழியாகவே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சற்று நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இரு சுவர்களுக்கும் நடுவில் விட்ட சந்தில் ஒவ்வொரு மழைக்கும் வேப்பங்கன்று முளைக்கும். ஊருக்குப் போனால் அதைப் பிடுங்குவது என் வேலை. வேர் காரைக்குள் இறங்கக் கூடாதல்லவா.