கரண்டு வைக்கிற தம்பி

இதயத் துடிப்பைப் படம் எடுக்கிற அறையில் வேலை பார்ப்பவனிடம் யாரும் இதயத்தைப் பற்றிப் பேசுவதில்லை; கரண்டைப் பற்றித்தான் பேசுவார்கள். அடுத்தவர் பயத்தோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்கிய எல்லோருக்கும் நான் சொல்வது புரியும்.

அறுபதுகளின் கடைசி. விருதுநகரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. நர்ஸ் படிப்பை முடித்த கையோடு என்னை இ.சி.ஜி. அறையில் தற்காலிகமாகப் போட்டார்கள். மெஷினும் என்னைப் போலத்தான். மதுரையிலிருந்து சோதனைக்காக அனுப்பியிருந்தார்கள். தீபாவளிக்கு முன்னால் அங்கிருந்து பெரிய டாக்டர் வந்து பார்ப்பார். ஜனங்கள் வரவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார். மேட்ரன் அம்மாவுக்கு மறைத்துப் பேசத் தெரியாது. முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஏலே, மெஷின் மதுரைக்குப் போச்சுன்னா நீ உன் ஊரு ஆமத்தூருக்குப் போயிரணும்."

அஞ்சு திரி

முதலில் வந்தவர் அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைப்பவர். அலுமினியப் பொடி ஏறி இரண்டு கையும் வெள்ளிபோல மினுங்கின. படபடப்பு என்று டாக்டர் அனுப்பியிருந்தார். கைகால்களில் களிம்பு தடவி, தகடு வைத்து, பட்டையால் கட்டினேன். நெஞ்சில் ஒரு ரப்பர் குமிழை ஒட்டினேன். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர். அவர் ஒவ்வொரு வயரையும் கண்ணாலேயே பின்தொடர்ந்தார். எல்லாம் ஒரே பெட்டிக்குள் போய்ச் சேர்வதைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"அசையாமப் படுங்க" என்றேன். அவர் தொழிலில் அந்த வார்த்தையை நல்ல நேரத்தில் யாரும் சொல்வதில்லை போலும்.

"தம்பி, அஞ்சு திரி வச்சிருக்கீக. பத்தவச்சிட்டு நீங்க எம்புட்டுத் தூரம் ஓடுவீக?"

ஒரே கலர்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் முதலாளி ஒருவர் வந்தார். துளிகூடப் பயமில்லை. படுத்தார், எழுந்தார், சட்டையைப் போட்டார். டாக்டர் மெஷின் கோடு போட்ட காகிதத்தைப் பார்த்து, "இதயம் நல்லாயிருக்கு, கவலைப்படாதீங்க" என்றார். முதலாளியின் காதில் அது ஏறவே இல்லை. காகிதத்தைக் கையில் வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார், விரலால் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு, வியாதி எனக்குத்தான் என்பதுபோல என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஒரே கலர்தானா? அதுவும் கோடு நேரா உக்காரலை. அடுத்த ஆர்டரை நம்ம பிரஸ்ஸுக்குக் கொடுங்க, நாலு கலர்ல அடிச்சுத் தாறேன்."

முன்னால் படுப்பவன்

அதற்குள் ஊரெல்லாம் பேச்சு பரவிவிட்டது: மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு பையன் ஆளைக் கட்டிப்போட்டுக் கரண்டு வைக்கிறான். பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் என் தலையைக் கண்டதும் எழுந்து போனார்கள். இது கரண்டு வைப்பதில்லை, நெஞ்சுக்குள் இருப்பதைப் படம் எடுப்பது என்று தொண்டை வறளச் சொன்னேன். உண்மையைச் சொல்பவனை இத்தனை பேர் நம்பாதபோது, அவன் சொல்வது உண்மைதானா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர்கள் கண் முன்னால் நானே முதலில் படுத்து, மெஷினை ஓடவிட்டுக் காட்டினேன்.

வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற மிளகாய் வியாபாரி ஒருவர் அதை முழுக்கப் பார்த்தார். நான் எழுந்து சிரித்ததும் மனைவியிடம் திரும்பினார்.

"தம்பி முழுசா எந்திரிச்சிட்டாகளே. இன்னைக்குக் கரண்டு கட்டா இருக்கும். வா, நாளைக்கு வருவோம்."

யார் துடிப்பு?

இப்படித் தினமும் படுத்ததில், ஜில்லாவிலேயே அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட இதயம் என்னுடையதாகத்தான் இருக்கும். அந்தக் காகிதங்களில் ஒன்று தவறிப்போய் டாக்டர் மேசைக்குப் போய்விட்டது. ஒழுங்காக ஓடிய கோடு நடுநடுவே ஒரு துள்ளுத் துள்ளியிருந்தது. "யாருப்பா இது?" என்றார். நான்தான் என்றேன். ஆபத்தில்லை, மனசில் பயம் இருந்தாலும் இப்படித் துள்ளும் என்றார்.

பயப்பட ஒன்றுமில்லை என்று நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் என் நெஞ்சு வேறு ஏதோ எழுதிக் கொண்டிருந்திருக்கிறது. நான் யாருக்கு என்ன தைரியம் சொல்ல முடியும்? டாக்டர் காகிதத்தை என்னிடமே நீட்டினார்.

"ஊருக்குச் சொல்ற தைரியத்தை இதுக்கும் கொஞ்சம் சொல்லுப்பா."

சீசன்

பெரிய டாக்டர் வரும் நாள் வந்தது. பெஞ்சில் ஈ, காக்கைகூட இல்லை. தீபாவளி சீசன், ஜனம் முழுக்கப் பட்டாசுக் கம்பெனியில், லோடு ஏற்றும் லாரிகளில். அவசியம் வரவேண்டிய ஓர் அம்மாவைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்துக் கெஞ்சினேன். "நெஞ்சுவலியைத் தீவாளி கழிச்சு வரச் சொல்லியிருக்கேன் தம்பி" என்று பஸ் ஏறிவிட்டார்.

வேறு வழி இல்லை, நானே படுத்தேன். பெரிய டாக்டர் தாமே வயர்களை மாட்டி மெஷினை ஓட்டினார். கோடு முன்னைவிட அதிகமாகத் துள்ளியது. "என்ன பயம் உனக்கு?" என்றார். "உங்களைப் பார்த்துத்தான் சார். மெஷினை எடுத்துக்கிட்டுப் போயிட்டா எனக்கு வேலை இல்லை" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சீசன் முடிஞ்சா ஆள் வரும். மெஷின் இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

கட்டிலில் வயர்களோடு கிடந்த என்னை மேட்ரன் அம்மா மேலும் கீழும் பார்த்தார்.

"மெஷின் இருக்கட்டும் டாக்டர். இந்தப் பயலையாவது தூக்கிட்டுப் போறீகளா?"

அடுத்த மாதமே வேலை நிரந்தரமாகிவிட்டது. எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிய பிறகும் இன்னும் நிற்காத அந்தத் துள்ளல் மட்டும் தற்காலிகமானதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.