மூன்றாம் ஓலை

பெயர்: ஜெயபாய். பிறந்த நாள்: 14.3.1976. ஊர்: அமரவிளை. தொழில்: தையல். திருமணம்: இல்லை. அக்காள் லீலாபாய், திருமணம் 1992, மரணம் 2019. அக்காளின் கணவர் கனகதாஸ், மரக்கடை உரிமையாளர். அவர்களுடைய ஒரே மகள் ஜெஸ்மி, பிறப்பு 2.9.1998.

சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில், ஜெஸ்மியின் தாய் என்ற கட்டத்தில் லீலாபாய் என்றும், ஞானத்தாய் என்ற கட்டத்தில் ஜெயபாய் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. முதல் பதிவு உண்மையல்ல. பிள்ளையில்லாத அக்காள் வீட்டில் தங்கியிருந்த ஜெயபாய், அக்காளையும் நேசித்தாள், அக்காளின் கணவரையும் நேசித்தாள். ஜெயபாய் கர்ப்பமானது தெரிந்ததும் சகோதரிகள் இருவரும் அம்பூரியில் ஒரு ரப்பர்த் தோட்டத்து வீட்டில் ஏழு மாதம் இருந்தார்கள். திரும்பி வந்தபோது குழந்தை லீலாபாயின் கையில் இருந்தது. ஜெயபாய் தையற்கடையின் பின்னறைக்குக் குடிபோனாள். இன்றும் அங்கேதான் தனியே சமைத்து, தனியே உண்கிறாள்.

சபையில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மணமக்களின் பெயர், பெற்றோரின் பெயர், பிறகு தடை அறிந்தவர் உண்டா என்ற கேள்வி. ஜெஸ்மிக்கும் பாறசாலை லிபினுக்கும் 2024 ஜனவரி 7, 14 ஆகிய நாட்களில் வாசிக்கப்பட்டது. இருமுறையும் 'காலஞ்சென்ற லீலாபாயின் மகள்' என்றே. திருமணம் முடிந்ததும் மணமக்கள் குவைத் போகிறார்கள். அதற்குள் ஒருமுறையாவது, தாய் என்று தன் பெயர் அங்கே ஒலிக்க வேண்டும் என ஜெயபாய் விரும்பினாள்.

சனிக்கிழமை காலை கனகதாஸ் தையற்கடைக்கு வந்தார்.

"நாளைக்கு மூணாம் ஓலையாக்கும்."

"தெரியும் அத்தான். ஒருக்கா எனக்க பேரு கேட்டா என்ன?"

"கேட்டா கல்யாணம் நிக்கும். லிபினுக்க அம்மை நம்ம முற்றத்துல கால் வைக்கமாட்டா."

"இருபத்தஞ்சு வருஷமா பயம் உங்களுக்காக்கும். லிபினுக்க அம்மைக்கில்ல."

அவர் கடைப்படி இறங்கிப் போனார்.

மாலையில் ஜெஸ்மி கல்யாண ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்தாள்.

"சித்தி, கை இறுக்கமா உண்டு."

"தடிச்சிட்டே மக்கா. குவைத்துல போயி இன்னும் தடிப்பே."

"எனக்கு உங்களுக்க உடம்பாக்கும் சித்தி. அம்மைக்க உடம்பே இல்ல," என்று ஜெஸ்மி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். ஜெயபாயின் வாயில் குண்டூசி இருந்தது. ஜெஸ்மி போனபிறகு, நாளை எழுந்து நிற்பது என்று முடிவு செய்தாள்.

ஜனவரி 21. போதகர் ஞானசிகாமணி ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டார். பெண்கள் பக்கம் நான்காம் வரிசையில் ஜெயபாய் எழுந்தாள். கனகதாஸ் தலைகுனிந்தார். முன்வரிசையிலிருந்த ஜெஸ்மி திரும்பி, சித்தியைக் கண்டு, ஒன்றும் தெரியாமல் புன்னகைத்தாள்.

போதகர் காத்திருந்தார்.

"அய்யா," என்றாள் ஜெயபாய், "அந்த ஃபேனைக் கொஞ்சம் கொறைக்கணும்."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. "எக்கா, இந்த வெயிலுலயா குளிருது?" என்றாள் பின்னாலிருந்த சிஜி. யாரோ ஃபேனைக் குறைத்தார்கள். ஜெயபாய் உட்கார்ந்தாள்.

அன்று ஆராதனைக்குப் பின் போதகர் ஓலைப் பதிவேட்டை நிரப்பினார். வாசித்த முறை: 3. தடை கூறியவர்கள்: 0.