நாற்றங்காலில் மிதித்த தைல இலை

நாற்றங்காலில் உரமாக மிதிக்கப் புங்கந்தழை ஒடித்துவரச் சொல்லிப் பெரியப்பா என்னை அனுப்பினார். வேறு யாரை அனுப்பியிருந்தாலும் அந்த வருஷம் அவர் வயலில் நெல் விளைந்திருக்கும்.

புங்க மரங்கள் ஏரிக்கரையில் இருந்தன. கும்மிடிப்பூண்டிக் கம்பெனிச் சுவரை ஒட்டிய தைலமரத் தோப்போ பக்கத்திலேயே இருந்தது. மரத்தடியில் ஒரு புல்கூட இருக்காது. பெருக்கி வைத்ததுபோல் சுத்தமான இடம் என்று நான் மெச்சியிருக்கிறேனே தவிர, ஏன் என்று யோசித்ததில்லை. தழைதானே, எந்த மரமானால் என்ன? நாலு கட்டு தைல இலையைக் கொண்டுவந்து, பெரியப்பா வருவதற்குள் நானே சேற்றில் மிதித்து முடித்தேன். என்ன வாசனை என்று கேட்டார். சளிக்கு அம்மா தைலம் தடவினாள் என்றேன். பொய் சொல்வதில் மட்டும் எனக்குச் சோம்பல் கிடையாது.

விதை அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்து, மஞ்சளாகிச் செத்தது. தைல இலையில் கசிவது பக்கத்து விதையை எழவிடாது என்று பல வருஷம் கழித்துத் தாவரவியல் புத்தகத்தில் படித்தேன். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு முழு மதிப்பெண்.

பெரியப்பாவின் சந்தேகம் கம்பெனிக் கழிவுநீர் மேல் விழுந்தது. அந்தக் கம்பெனியில்தான் அப்பாவுக்கு வேலை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியப்பா வந்து வாசலிலேயே நின்றார்.

"என் நாத்த சாவடிச்சவன் சோத்த துன்னுகினு கீறியேடா."

"போன வருசமும் அதே தண்ணிதானண்ணா? வா, நாத்தங்கால தோண்டிப் பாக்கலாம்" என்று அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டு, சாப்பிட்டு முடித்துப் பின்னால் ஓடினேன்.

பெரியப்பா மண்வெட்டியால் சேற்றைப் புரட்டினார். மக்காத நீள இலை ஒன்று மேலே வந்தது. கசக்கி முகர்ந்தார். என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைக் காலால் உள்ளே அழுத்தினார்.

எதிர் வரப்பிலிருந்து அப்பா கேட்டார்: "எதுனா கெடச்சிதாண்ணா?"

"இன்னா கெடைக்கும்? எல்லாம் உன் கம்பெனி தண்ணிதான்."

அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அந்த வருஷம் வயல் தரிசாகக் கிடந்தது. அந்தத் தண்ணியில் விதைக்க மாட்டேன் என்று அடுத்த வருஷமும் அப்படியே விட்டார். இரண்டு வீட்டுக்கும் போய்வந்தவள் நான் ஒருத்திதான். போகும்போதெல்லாம் பெரியப்பா என் கையில் கடலை உருண்டை வைப்பார். கோபமெல்லாம் அப்பா மேல்தான், என் மேல் ஒன்றும் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.