குழுவில் வந்து விழுந்த கைகள்

எங்கள் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். அன்பியம் என்றால் ஒரே தேவாலயப் பங்கைச் சேர்ந்த, பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் முப்பது குடும்பம். முன்பெல்லாம் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்போம். கொரோனாவில் அது போனுக்குள் போனது, திரும்பி வரவே இல்லை. எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. வீட்டைப் பெருக்கித் துடைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போடும் வேலை மிச்சம். விடிந்ததும் ரோஜாப்பூப் படத்தில் ஒரு வசனத்தை ஏற்றி அனுப்பிவிடுவேன். பாதி நாள் அன்பைப் பற்றிய வசனம்தான். இறைப்பணி செய்கிறேன் என்று பெருமை வேறு.

போன ஐப்பசி மழையில் பின்வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. நானே ஆட்டோ பிடித்துப் போய்க் கட்டுப் போட்டு வந்தேன். கணவர் கப்பலில். அடுத்த துறைமுகம் சேரும் வரை அவரோடு பேச முடியாது. மகள் துபாயில். இடது கையால் தட்டுத் தடுமாறிக் குழுவில் எழுதினேன்: 'கை முறிந்துவிட்டது. செபித்துக்கொள்ளுங்கள்.' பத்து நிமிடத்தில் கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அத்தனை கைகளில் ஒன்றுகூட என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

மூன்று நாள் அப்படியே போயிற்று. மகள் ஆப்பில் சாப்பாடு அனுப்பினாள். வாசலில் வைத்து மணியடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒற்றைக் கையால் தலை சீவ முடியவில்லை. சிக்குப் பிடித்த தலையை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு மகளிடம் வீடியோவில் சிரித்தேன். போனை வைத்ததும் அழுதேன். இந்தக் குழுவையே கலைத்துப் போட்டால் என்ன என்று ஆத்திரமாக வந்தது.

நாலாம் நாள் காலையில் அடுத்த தெருக்காரி ஒருத்தி தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்தாள். குழுவில் இருப்பவள்தான், அதிகம் பேச மாட்டாள். கஞ்சியை வைத்துவிட்டு என் தலையைப் பார்த்தாள்.

"சீப்பு எங்கனக்கா இருக்கு?"

பின்னால் உட்கார்ந்து எண்ணெய் தொட்டுச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். ஒரு மனுஷியின் விரல் என் தலையில் பட்டு எத்தனை மாதமாயிற்றோ! கண் கலங்கியது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"முப்பது வீட்டுல ஒருத்தருக்கும் என் வாசல் தெரியல, பாத்தியாளா? படம் மட்டும் போடுதாக" என்றேன்.

அவள் கை நின்றது.

"எங்கம்மை செத்தன்னைக்கு நீங்களும் மெழுகுவர்த்திப் படந்தானக்கா போட்டிய. எப்படியும் வருவியன்னு ஒரு நாற்காலிய ஒதுக்கி வச்சிருந்தேன்."

குத்திக்காட்டும் குரலே இல்லை. அன்றைக்கு முழங்கால் வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அவள் வீட்டுக்கு நடந்தால் நாலு நிமிடம். வெட்கத்தில் என்னால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பிறகு எனக்கு மட்டும் ஏம்ளா வந்த?"

"ஒத்தையில கெடந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்லா" என்று சொல்லிவிட்டு மறுபடி சீவினாள்.

மறுநாள் நான் வசனம் அனுப்பவில்லை. அதற்கடுத்த நாளும் அனுப்பவில்லை. ஏன் என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. அவள் மட்டும் நேரில் வந்து கேட்டாள், சீப்பைத் தேடிக்கொண்டே.