ஜீப்பில் வந்த கன்னாஸ்

ஸ்டேஷனில் எனக்குப் பாஸ்டரம்மா என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பார் முதலாளி ஓணத்துக்கு எல்லோருக்கும் பை கொடுத்தனுப்பினார். என் பையை நான் திருப்பி அனுப்பினேன். அன்று மாலைக்குள் பெயர் நிலைத்துவிட்டது. "பாஸ்டரம்மா வருது, வாயைக் கழுவுங்கடே" என்பார்கள். அவர்களைவிட நன்றாகவே எனக்கு வாய் உண்டு. கேரள எல்லையில் இருக்கும் வெள்ளறடைச் சந்தை வழியாகப் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவள் நான். காக்கி போட்ட கிறிஸ்தவப் பெண் என்றால் குரலைத் தாழ்த்தி, தலையைச் சாய்த்து நடப்பாள் என்று யாராவது எதிர்பார்த்தால் அது அவர்கள் பாடு.

ஒன்று மட்டும் என்னால் ஆகாது. நடக்காததை நடந்தது என்று சொல்ல வராது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ரப்பர் தோட்டம். அதன் ஓரத்தில் வீடு வைத்திருந்த ஒருவன் வாற்றுச் சாராயம், அதாவது கள்ளத்தனமாகக் காய்ச்சிய சாராயம், விற்றுவந்தான். போலீஸ் வருகிறது என்று தெரிந்தால் தோட்டத்துக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறிவிடுவான். அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, எங்கள் ஜீப் திரும்பிப் போகும் சத்தம் கேட்ட பிறகு சாவகாசமாக வருவான். ஊருக்கே தெரிந்த கதை இது.

என் அண்ணன் ரப்பர் பால் வெட்டுகிறவன். விடியும் முன் வேலைக்குப் போவான். வீடு திரும்பும்போதே வாய் மணக்கும். கடைசியில் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் செத்தான். அவன் குடித்ததெல்லாம் அந்த ஆளிடம் வாங்கிய சரக்கு. அடக்கத்துக்கு அந்த ஆள் மலர்வளையம் கொண்டுவந்தான், கூச்சமே இல்லாமல். அண்ணி அதைக் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே தூக்கி எறிந்தார். அந்தக் குடும்பத்தில் பிறந்தவள்தான் நான். அவன் ஜெயிலுக்குப் போகவேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது.

அண்ணன் செத்த பிறகு எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியம் அவன்மேல் புகார் கொடுத்தது. அண்ணியும் கையெழுத்துப் போட்டார். எங்கள் எஸ்.ஐ. வடகேரளத்திலிருந்து வந்தவர், முன்கோபக்காரர். ஒரு மத்தியானம் ஜீப்பைக் கிளப்பினார். அவன் வீட்டில் மனைவி இருப்பாள், சோதனை போடப் பெண் போலீஸ் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

பின்சீட்டுக்கு அடியில் ஒரு நீல நிறக் கன்னாஸ் கிடந்தது. கன்னாஸ் என்றால் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கேன். வேறெங்கோ பிடித்த சாராயம் அது, இன்னும் ஸ்டேஷன் கணக்குக்கு வராமல் கிடந்தது. சாலையில் குழிக்குப் பஞ்சமில்லை; ஒவ்வொரு குழியிலும் அது என் கணுக்காலில் வந்து இடித்தது.

அவன் வீட்டில் எதுவும் இல்லை. அடுக்களையைப் பார்த்தோம், கட்டிலுக்கு அடியில் பார்த்தோம், விறகுக் குவியலைப் பிரித்தோம், மாட்டுத் தொழுவத்தில் சாணியைக்கூடக் கிளறினோம். யாரோ முன்கூட்டியே போன் செய்திருக்கிறார்கள். அவன் ஓடக்கூட இல்லை. முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். "சாரே, சாயா எடுக்கட்டே?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் எஸ்.ஐ.யைக் கெடுத்தது. அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் ஜீப்புக்குப் போய் அந்த நீலக் கன்னாஸை எடுத்துவந்து தொழுவத்தில் வைத்தார்.

அவன் மனைவி என்னைப் பார்த்தாள். நான் எஸ்.ஐ.யிடம் போனேன்.

"சாரே, இது நம்முடெ ஜீப்பில் கிடந்நதாணு."

"நீ ஜீப்பின்றெ அடுத்தோட்டு போ" என்றார், என் முகத்தைப் பார்க்காமல் ஜீப் பக்கம் கையைக் காட்டி.

போனேன். ஆனால் மறுநாள் இன்ஸ்பெக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் உள்ளூர்க்காரர். "ஒனக்க அண்ணனக் கொன்னவன்தானே பிள்ளே அவன்? சும்மா இரி" என்று ஃபைலைப் புரட்டினார். நல்லவர், எனக்கு நன்மை செய்வதாகவே நினைத்துப் பேசினார். போலீசில் எனக்குக் கெட்டவர்களால் வந்த தொல்லை குறைவு. எல்லாம் இந்த மாதிரி நல்லவர்களால்தான்.

அவன் ஜாமீனில் வெளியே வந்தான். கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது. விசாரணை தொடங்கியபோது கன்னாஸ் எடுத்ததற்குக் கையெழுத்துப் போட்ட ஊர்ச் சாட்சிகள் இருவரும் கைவிரித்துவிட்டார்கள். மிச்சம் எஸ்.ஐ.யும் நானும். கோர்ட்டிலிருந்து எனக்குச் சம்மன் வந்த பிறகுதான், தொழுவத்திலிருந்து கன்னாஸ் எடுத்ததைக் கண்டேன் என்று நான் வாக்குமூலம் கொடுத்திருப்பதே எனக்குத் தெரிந்தது. போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வேண்டாம், சட்டமே அப்படித்தான். அதனால் என்னைக் கேட்டு எழுதவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதை ஒளிக்கவில்லை. எஸ்.ஐ.யிடமே நேரில் சொன்னேன். அவர் கத்தினார். நானும் சத்தமாகத்தான் பேசினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கியம் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஜெபம் பண்ண வந்தார்களாம்.

முன்னால் வந்தவர் ஐக்கியத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற டீச்சர். ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளை எனக்குச் சொல்லித்தந்தவர். தடங்கலில்லாமல் ஒப்பித்ததற்கு ஒரு சோப்பு டப்பா பரிசும் தந்திருக்கிறார்.

"மக்கா, நாங்க ஒன்னக் கள்ளம் சொல்லச் சொல்லேல்ல" என்று தொடங்கினார். "அவன் சாராயம் விக்கியது நெசம். அந்த நெசத்தத்தான் நீ சொல்லப்போற. கன்னாஸு எஞ்ச இருந்து வந்தா என்ன?"

"ஜட்ஜி என்னட்ட கன்னாஸத்தான் கேப்பாரு, டீச்சர்."

"நீ எதுக்காவச் சொல்லுதேன்னு தெய்வத்துக்குத் தெரியும்."

"தெய்வத்துக்கு எல்லாம் தெரியும். அதாக்கும் எனக்கப் பிரச்சனை."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. "நல்ல காரியத்துக்கு ஒரு வார்த்த முன்னப்பின்ன இருந்தா பாவம் இல்ல" என்றார்.

"அப்பம் அத அன்னே படிப்பிச்சிருக்கணும். பத்தையும் ஒப்பிச்ச எனக்கு இந்தப் பதினொண்ணாவதச் சொல்லித்தரல்லியே. சோப்பு டப்பாவத் திருப்பித் தரவா?"

என் கணவர் உள்ளேயிருந்து இருமினார், போதும் என்கிற மாதிரி. டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. வயதில் மூத்தவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று பின்னால் பலர் சொன்னார்கள். பேசியது பேசியதுதான்.

அண்ணி அதுவரை வாசற்படியில் நின்றிருந்தார். அப்பா எனக்கும் அண்ணனுக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்த வீட்டு மனை அது. அண்ணியின் வீடு அந்தப் பாதி, எங்கள் வீடு இந்தப் பாதி. நடுவில் ஒரு சின்னக் கேட், எப்போதும் திறந்தே கிடக்கும். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒனக்க அண்ணனுக்கு வேண்டி ஒரு வாக்கு. ஒரே ஒரு வாக்கு. அதுகூட ஒனக்குச் சொல்ல ஒக்காதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தால் அல்ல, கோபத்தால். என் அண்ணனைக் குடிக்கவைத்துச் சாகவிட்டவன், இப்போது என் வாயையும் அழுக்காக்கப் பார்க்கிறான் என்கிற கோபம்.

"அண்ணி, அவன் ஜெயிலுக்குப் போணும். கம்பிக்கு உள்ள அவன நான் கண்ணால காணணும். ஆனா எனக்க வாயில இருந்து ஒரு கள்ளத்த வாங்கி அவன அனுப்பாண்டாம். இன்னைக்கு இவனுக்குச் சொன்னா நாளைக்கு வேற ஒருத்தனுக்குச் சொல்லச் சொல்லுவினும். அவன் கள்ளனா நல்லவனான்னு அன்னைக்கு ஆரு பாப்பா?"

அண்ணி படியிறங்கினார். போகும்போது கேட்டைச் சாத்திவிட்டுப் போனார். ஜெபம் அன்று நடக்கவில்லை.

கோர்ட்டுக்குப் போகும் காலையில் என் யூனிஃபார்மைக் கணவரே தேய்த்து வைத்திருந்தார். பாலராமபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார்.

சினிமாவில் காட்டுவதுபோல் கோர்ட்டில் வேதபுத்தகம் எதுவும் நீட்டமாட்டார்கள். கடவுள் அறியச் சத்தியமே சொல்வேன் என்று வாயால் சொல்லவேண்டும், அவ்வளவுதான். மலையாளத்தில்தான் சொன்னேன். அரசு வக்கீல் கேட்டார்: கன்னாஸ் எங்கேயிருந்து எடுக்கப்பட்டது? எங்கள் ஜீப்பிலிருந்து, என்றேன். அவர் இன்னொரு தரம் கேட்டார், எனக்குக் காது கேட்கவில்லையோ என்பதுபோல. நானும் இன்னொரு தரம் சொன்னேன். உடனே, இந்தச் சாட்சி கூறுமாறிவிட்டதாக, அதாவது பிறழ்சாட்சியாகிவிட்டதாக, அறிவிக்கவேண்டும் என்று ஜட்ஜியிடம் கேட்டுக்கொண்டு, என்னைக் குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கினார். என் சொந்தத் தரப்பு வக்கீல்! நான் அவனிடம் கைக்கூலி வாங்கினேனா என்று கேட்டார்.

"இவன் விற்ற சாராயம் குடித்துத்தான் என் அண்ணன் செத்தான்" என்றேன். "இவன் ஜெயிலுக்குப் போகவேண்டியவன். ஆனால் அந்தக் கன்னாஸ் எங்கள் ஜீப்பில் வந்தது. வழியெல்லாம் என் காலில் இடித்துக்கொண்டு வந்தது."

ஜட்ஜி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார்.

அவன் விடுதலையானான். நான் வேறொரு கேசுக்காகக் கோர்ட்டுக்கு வந்திருந்த நாளில்தான் தீர்ப்பு. வராந்தாவில் என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"கையத் தாத்துலே. ஒன்ன ரெட்சிக்க வந்தவ இல்ல நான். இனியும் நீ விப்ப. அப்பம் நான்தான் வருவேன். அன்னைக்குக் கன்னாஸு ஒனக்க வீட்டுல இருக்கும்."

என்மேல் விசாரணை வந்தது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, பாறாவுக்குப் போட்டார்கள். அதாவது துப்பாக்கியோடு ஸ்டேஷன் வாசலில் காவல் நிற்பது. மழையிலும் வெயிலிலும் நின்றேன். பாஸ்டரம்மா என்ற பெயர் போய்க் கூறுமாற்றம் என்ற பெயர் வந்தது. டீ வாங்கிவந்தால் என் கிளாஸ் மட்டும் குறையும்.

சபையில் இன்னும் மோசம். நான் பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து கொடுப்பார்கள், தேவைக்கு அதிகமாகவே. பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தில், சபையார் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் பந்தியில், என் இலைக்கு இரண்டு பக்கமும் இலை காலியாகக் கிடந்தது. நான் சோறு இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பின்பெஞ்சுக்குப் போவேன் என்று நினைத்தார்கள். அடுத்த ஞாயிறிலிருந்து முன்பெஞ்சுக்குப் போனேன். யாருடைய வீட்டுக்கும் விருந்துக்கு வரவில்லை நான், கர்த்தருடைய வீட்டுக்கு வருகிறேன்.

அவன் மறுபடியும் விற்கத் தொடங்கியதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாலையில் எங்கள் சாலையில் ஆட்கள் தள்ளாடி வருவார்கள். அண்ணி தன் முற்றத்தில் நின்று அவர்களைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். கேட் சாத்தியே கிடந்தது. அந்த நாட்களில் நான் செய்தது சரியா என்று ஜெபத்தில் கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. சரி என்றே இருந்தேன்.

எஸ்.ஐ. மாறிப்போனார். புதிதாக வந்தவர் இளைஞர். பாறாவில் நின்ற என்னிடம் வந்து, "கோர்ட்டில ஜீப்புக் கத சொன்னது நிங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்பம் நிங்க என்கூட வரணும்" என்றார்.

இந்தத் தடவை யாரும் போன் செய்யவில்லை. புறப்படும் முன் ஜீப்பின் சீட்டுக்கு அடியில் நானே குனிந்து பார்த்தேன். ஸ்பானரும் ஒரு பழைய செருப்பும்தான் இருந்தன. அவன் வீட்டில் கோழிக்கூட்டுக்கு அடியில் மண் புதிதாக இருந்தது. தோண்டினோம். கன்னாஸ்கள் ஒவ்வொன்றாக மண்ணோடு வெளியே வந்தன. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஊர்ச் சாட்சி வேண்டும். எதிர்க் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டார். ஆட்டோக்காரர்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். போலீஸ் கேசில் கையெழுத்துப் போட்டால் காணாததையும் கண்டதாகச் சொல்லவேண்டிவரும் என்று எல்லோருக்கும் தெரியும். எஸ்.ஐ. சுற்றிலும் பார்த்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணி நின்றிருந்தார். நாங்கள் தோண்டத் தொடங்கும் முன்பே வந்து நின்றவர். வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். "நான் கையொப்பிடுதேன்" என்றார் எஸ்.ஐ.யிடம். அந்தக் கேஸ் இன்றுவரை விசாரணைக்கு வரவில்லை. கூண்டில் ஏறும்போது அவரை எப்படியெல்லாம் குடைவார்கள் என்று அவருக்குத் தெரியாதது இல்லை, எனக்கு நடந்ததை ஊரே பேசியிருக்கிறது.

எஸ்.ஐ. பேனாவை நீட்டினார். அண்ணி வாங்காமல் என் பக்கம் திரும்பினார். கேட்டைச் சாத்திய பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"இது இஞ்ச இருந்து எடுத்ததுதானே?"

"நீங்க நின்னு கண்டிங்களே, அண்ணி."

"கண்டேன். ஆனாலும் நீ சொல்லு."

"இஞ்ச இருந்து எடுத்ததுதான், அண்ணி."

அவர் பேனாவை வாங்கினார்.