அடுக்கில் இருந்த ஈர பூட்ஸ்

ஹால்வோர் எங்கள் முகாமில் பதினேழு வருடம் பலூன் விட்டான். ஸ்வால்பார்டின் அந்தப் பனிக்கரைக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் வானிலை ஆராய வருகிற படிப்பாளிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். மாறாதவர்கள் அவனும் சமையல்காரியான நானும்தான். காலையும் மாலையும் குறித்த நிமிடத்தில் காற்றை அளக்கிற பலூன் மேலே போயாக வேண்டும். "வானம் உன்னைக் கேட்டுட்டா மாறுது?" என்று, தூங்கி வழிகிறவர்களைச் சீண்டுவான்.

வாசலருகே ஒரு பலகை. ஆளுக்கொரு மரச்சில்லு. வெளியே போனால் சிவப்புப் பக்கம், திரும்பினால் வெள்ளை. அவரவர் சில்லை அவரவரே திருப்ப வேண்டும் என்பது சட்டம். பசியோடு வருகிறவர்களுக்கு சூப் வாசனை மூக்கில் ஏறினால் சட்டம் எங்கே நினைவிருக்கும்? பூட்ஸைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட்டு நேரே மேசைக்கு வந்துவிடுவார்கள். ஹால்வோர் முணுமுணுத்துக்கொண்டே, யார் பூட்ஸ் இருக்கிறதோ அவர்கள் சில்லை வெள்ளைக்குத் திருப்புவான். எங்கள் ஊரில் பூட்ஸோடு யாரும் உள்ளே நடப்பதில்லை. அது இல்லாமல் யாரும் வெளியே போவதுமில்லை. அவன் கணக்கு ஒருநாளும் தப்பவில்லை என்பதால் நாங்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டோம்.

அந்த ஏப்ரல் மதியம், சுன்னிவா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் கருவிக் கம்பத்தில் படிந்த உறைபனியைச் சுரண்டக் கிளம்பினாள். கூப்பிடு தூரம்தான். அவள் பூட்ஸ் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"உன்னோடத மாட்டிக்கட்டுமா? பத்தே நிமிஷம்."

"மாட்டிக்கோ. சூப் ஆறிடும், சீக்கிரம் வா," என்றேன்.

சில்லைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டுத்தான் போனாள். வாக்கி டாக்கியை எடுக்கவில்லை. சற்று நேரத்தில் புயல் இறங்கியது. பலூன் கொட்டகையிலிருந்து தட்டுத்தடுமாறி வந்த ஹால்வோர், அடுக்கில் அவளுடைய ஈர பூட்ஸைப் பார்த்தான். "இவளுக்கும் மறதி," என்று சில்லைத் திருப்பினான்.

சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. முகாம் தலைவி பலகையைப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை.

"ஏதாவது எழுதிக்கிட்டே தூங்கிருப்பா. எழுப்பாதீங்க," என்றாள்.

நானும் பலகையைத்தான் பார்த்தேன். அடுக்கைப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை காற்று அடங்கியது. குப்பை கொட்டப் போன நான் வாசலில் நின்றுவிட்டேன்.

"என்னத்தத் தேடுற?" என்றான் ஹால்வோர்.

"என் பூட்ஸ்."

அவன் அடுக்கைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். வெறும் காலுறையோடு பனிக்குள் ஓடினான். கதவிலிருந்து அறுபதடியில் சுன்னிவா உறைந்து கிடந்தாள்.

விசாரித்தவர்கள் அவனைக் குற்றம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் ஏது? அன்று மாலையும் பலூன் சரியான நிமிடத்தில் போனது. அதுதான் அவன் விட்ட கடைசிப் பலூன்.

இப்போது டிராம்சோ நகரத்தில் தனியாக இருக்கிறான். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். பூட்ஸைக் கழற்றிவிட்டு, சமையலறையில் அவனுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் என் பூட்ஸையே பார்த்தபடி நின்றவன், உள்ளே வந்து என் தோளைத் தொட்டான்.

"நீ உள்ளதான இருக்க?"

"உள்ளதான் இருக்கேன், ஹால்வோர்."

தலையாட்டினான். போய் பூட்ஸைப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி தொட்டான்.