கெட்டுப்போகாத மிஷின்

இவோன் மதாம் வீட்டு மிஷினை இன்றைக்கும் யாராவது மெச்சிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சீமைச் சரக்கு, போட்ட காசுக்கு உழைச்சுது" என்பார்கள். உழைத்தது, யார் இல்லையென்றது? ஒரு பொருள் அப்படி உழைக்கக் கூடாது என்கிறேன் நான்.

குருசுக்குப்பத்தில் மதாம் எங்களுக்கு எதிர்வீடு. அவர் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் போய்ச் சேர்ந்த பிறகு பென்ஷன் மட்டும் தவறாமல் வந்தது. ஒரே மகன் ஆந்த்ரே பிரான்சில் வேலையாக இருந்தான். அந்த வீட்டுப் படியேறி வந்த மனுஷி என்றால் கொளஞ்சி ஒருத்திதான். சாரம் என்கிற பேட்டையிலிருந்து காலையில் நடந்தே வந்து வீட்டைப் பெருக்குவாள்.

பெருக்குவது கொஞ்சம், பேச்சு கொள்ளை. எந்தப் பெண்ணை யார் பார்த்துவிட்டுப் போனார்கள், மில்லில் யார் யாரோடு சண்டை, எல்லாம் துடைப்பத்தோடு வீட்டுக்குள் வரும். மதாம் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே அவளைத் திட்டுவார்.

"மூலையில ஒட்டடை தொங்குதே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

"உங்களுக்கும் தொணை வேணாமா மதாம்? அதும் பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது."

இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பு எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

எழுபத்தாறில் ஆந்த்ரே லீவில் வந்தான். பெரிய அட்டைப்பெட்டியில் பச்சை நிறத்தில் ஒரு வாக்குவம் கிளீனர் வந்து இறங்கியது. தெருவே வாசலில் கூடிவிட்டது. அவன் பிளக்கைச் சொருகி ஓட்டிக் காட்டி, அம்மாவுக்குப் பாடம் எடுத்தான். "வாரா வாரம் பையை உதறணும் மம்மா. பில்டரைத் தட்டி வைக்கணும். ஒயரை முறுக்கக் கூடாது. இதெல்லாம் பண்ணினா ஆயுசுக்கும் உழைக்கும். வேலைக்காரிக்கு மாசா மாசம் அழ வேணாம் பாருங்க."

கொளஞ்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யம்மாடி, என்னா கத்து கத்துது! இது தூசியத் தின்னுதா, நம்ம காதத் தின்னுதா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தோம். அதுதான் வினையாய்ப் போயிற்று. பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்ததைத் தெருவே சிரித்தால் பெற்றவளுக்குப் பொறுக்குமா? மதாமுக்கு முகம் சிவந்துவிட்டது.

"உன்னைவிட நல்லாவே பெருக்கும். நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

கொளஞ்சி சண்டைக்கு நிற்கவில்லை. துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினாள். "சரிங்க மதாம். அது கெட்டுப்போச்சுன்னா சொல்லி அனுப்புங்க, வந்துடறேன்" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள்.

ஆந்த்ரேயும் லீவு முடிந்து போனான். அதன்பிறகு தினமும் பத்து மணிக்கு எதிர்வீட்டில் மிஷின் சத்தம் கேட்கும். என்னத்தைத்தான் பெருக்கினாரோ! அழுக்கு சேருவதற்கும் வீட்டில் நாலு பேர் நடமாட வேண்டுமே. என் வீட்டைப் பார், பிள்ளைகள் செய்கிற அட்டகாசத்துக்கு மூன்று வேளை பெருக்கினாலும் போதாது. அங்கே ஒருத்தர் நடந்த தரையை அந்த ஒருத்தரே சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

முதலில் அதைக் கண்ணும் கருத்துமாகத்தான் வைத்துக்கொண்டார். பையைத் தோட்டத்துச் சுவரில் அடித்து உதறுவார், குழாயைத் துணி சுற்றிய குச்சியால் துடைப்பார். போகப்போக அதெல்லாம் நின்றது. பை வீங்கிக் கிடக்கும். வாசலில் சேர்ந்த கடல் மணலை அள்ளாமல் அப்படியே உறிஞ்சவிடுவார். "பாழாப்போயிடும் மதாம்" என்று ஒருநாள் சொன்னேன். "போகட்டுமே" என்றார். பணம் இருக்கிற திமிர் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ஜன்னல் கம்பி அரித்தது, என் வீட்டுக்காரர் சைக்கிள் அரித்தது, மதாம் வீட்டு இரும்புக் கேட்டும் அரித்து விழுந்தது. மிஷினுக்கு ஒரு கீறல் இல்லை. ஒரு சாயங்காலம் தெருவில் கரண்ட் திடீரென்று ஏறி என் ரேடியோ புகைந்தது, பக்கத்து வீட்டு ஃபேன் எரிந்தது. நான் தலையிலடித்துக்கொண்டு நிற்கிறேன், மதாம் அவசரமாக உள்ளே ஓடினார். மிஷின் போடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"அதுக்கு ஒண்ணும் ஆகலை, செல்வாம்பா."

"நல்லதாப் போச்சுன்னு மாதாவுக்கு மெழுவத்தி ஏத்துங்க" என்றேன், எரிச்சலோடு.

எண்பத்தைந்தில் ஒருநாள் அவரே என் வாசலுக்கு வந்தார். "மிஷின் கெட்டுப்போச்சு. கொளஞ்சிகிட்ட சொல்லிட்டு வர்றியா?" என்றார். குரலில் அப்படியொரு சந்தோஷம். அவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் புதுத் துடைப்பம் ஒன்று வாங்கிச் சாத்தியிருக்கிறது, காப்பிக்கொட்டை வறுத்த வாசனை கூடமெல்லாம் அடிக்கிறது.

சாரத்துக்குப் போனேன். கொளஞ்சிக்கு வயசாகிவிட்டது, திண்டாடித்தான் எழுந்து வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போனாள்.

"அடப் பாவமே! தனியா என்னா பண்ணுவாங்க? எனக்கு முட்டி போயிடுச்சுக்கா, குனிய முடியல. நான் வந்தா யாருக்கு என்ன ஆவப்போவுது? எங்க அக்கா பையன் பலராமன் மோட்டாரெல்லாம் பாப்பான். நாளைக்கே அனுப்பறேன், மிஷினச் சரி பண்ணிக் குடுத்துடுவான். மதாம் கவலப்பட வேணாம்னு சொல்லுங்க."

மறுநாள் பலராமன் வந்தான். கொளஞ்சி வரமாட்டாள் என்று நான் சொல்லியும் மதாம் நம்பவில்லை போலிருக்கிறது. அவனைத் தாண்டித் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவன் மிஷினைக் கழற்றிப் பையை உதறினான், மூடியைத் திருகினான், பிளக்கைச் சொருகினான். ஊரே கேட்கிற மாதிரி ஓடியது.

"ஒரு கோளாறும் இல்லீங்க மதாம். பை ரொம்பிக் கெடந்துச்சு, அவ்ளோதான். மோட்டார் உள்ள இருக்கற கார்பன் கட்டை பாதிகூடத் தேயல. இன்னும் இருவது வருஷம் ஓடும்."

"இருபது வருஷமா?" என்றார் மதாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது கெட்டே இருக்கவில்லை. இத்தனை வருஷமும் அது கெட்டுப்போகட்டும் என்றுதான் அவர் காத்திருந்திருக்கிறார்.

பலராமன் கை கழுவிக்கொண்டே கேட்டான். "சின்னம்மா கேப்பாங்க, என்னான்னு சொல்ல?"

"சரியாயிடுச்சுன்னு சொல்லு. நல்லா ஓடுதுன்னு சொல்லு" என்றார் மதாம். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவனுக்கு வேறு வேலை இருந்தது, கிளம்பிவிட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன். "ஏன் மதாம், 'வாடி கொளஞ்சி, உன்னைப் பாக்கணும்'னு வாயத் தொறந்து சொன்னா என்ன முத்தா உதிர்ந்துடும்? நான் ரிக்ஷா வெச்சுக் கூட்டிட்டு வரேன்."

"வேணாம்." மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெருக்கறதுக்குன்னா நான் கூப்பிடலாம். அதுவும் அவளால முடியலைங்கறா. வேற எதுக்குன்னு சொல்லிக் கூப்பிடறது? நான் அவளுக்கு யாரு?"

நானும் அழுதுகொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு மிஷின் ஓட ஆரம்பித்தது.